பூச்சி மருந்துக்கு ஏற்ற மாதம் எது? – கால்நடை கேள்வி பதில்

கேள்வி: எங்களிடம் ஆறு கறவை மாடுகள் உள்ளன. பகலில் காலி மனைகளிலும் அறுவடை முடிந்த வயல்களிலும் மேய்ந்துவிட்டு, மாலையில் தொழுவத்தில் வைக்கோலும் தவிடும் தின்னும். மருந்துக் கடையில் கொடுத்த அட்டவணையில், பருவமழைக்கு முன்பாக மே மாதத்திலும், பருவமழை முடிந்ததும் அக்டோபரிலும் குடற்புழு நீக்கம் செய்யுமாறு அச்சிட்டிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரரோ பொங்கல் கழிந்த பிறகு ஒருமுறை கொடுத்தால் போதும் என்கிறார். எதைப் பின்பற்றுவது? – வாசகர், திருநின்றவூர்

பதில்: அந்த அட்டவணையில் பிழையில்லை, ஆனால் அது நம் பகுதிக்காக எழுதப்பட்டதன்று. ஜூனில் தென்மேற்குப் பருவமழை பிடித்து செப்டம்பரில் விடுகிற மாநிலங்களுக்கு மே மாதமும் அக்டோபரும் பொருந்தும். சென்னையிலும் திருவள்ளூர், காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களிலும் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரையில் வடகிழக்குப் பருவமழையாகவே பெய்கிறது. அந்த அட்டவணைப்படி நடந்தால், மழை முடிந்ததும் கொடுக்க வேண்டிய மருந்தை நாம் மழை தொடங்கும் வாரத்தில் கொடுத்தவர்களாவோம். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதில் பாதி சரி. மீதிப் பாதி, மழைக்கு முன்பு கொடுக்க வேண்டிய தவணையாகும்.

மழையை ஏன் கணக்கில் கொள்ள வேண்டும் என்பது விளங்கிவிட்டால், எந்த அட்டவணையும் இல்லாமல் நீங்களே மாதத்தைத் தீர்மானித்துக்கொள்ளலாம். மாட்டின் நான்காம் வயிற்றிலும் குடலிலும் வாழும் உருண்டைப் புழுக்கள் அங்கேயே பெருகுவதில்லை. அவை இடும் முட்டைகள் சாணத்தோடு வெளியேறி, ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஓரிரு நாளில் பொரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்துக்குள் மீண்டும் மாட்டைத் தொற்றக்கூடிய இளம்புழுக்களாக வளர்ந்துவிடுகின்றன. அந்த இளம்புழு புல்லின் மேல் படிந்திருக்கும் நீர்ப்படலத்தில் நீந்தித்தான் புல் நுனிக்கு ஏற முடியும். நீர்ப்படலம் இல்லாவிட்டால் அது சாணத்துக்குள்ளேயே கிடக்கும், அல்லது வெயிலில் காய்ந்து மடியும். புல்லோடு மாட்டின் வயிற்றுக்குள் சென்ற பிறகு, ஹீமான்கஸ் போன்ற இரத்தம் உறிஞ்சும் புழு மூன்று வாரங்களில் முதிர்ந்து நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடத் தொடங்கும். மேய்ச்சல் நிலத்தின் புழுச் சுமை ஐப்பசியிலும் கார்த்திகையிலும் மடமடவென்று ஏறுவதற்கும், சித்திரையிலும் வைகாசியிலும் ஏறத்தாழ அற்றுப்போவதற்கும் இதுவே காரணம்.

ஆகவே முதல் தவணையைப் புரட்டாசித் தொடக்கத்தில், அதாவது செப்டம்பர் நடுவிலிருந்து அம்மாதக் கடைசிக்குள் கொடுங்கள். மாட்டின் உடலில் இருக்கும் முதிர்ந்த புழுக்களை அப்போது அகற்றிவிட்டால், மழை பிடிக்கும்போது உங்கள் மேய்ச்சல் நிலத்தில் விழும் முட்டைகள் மிகவும் குறைவாக இருக்கும். ஆடி, ஆவணி மாதங்களில் பொழுது இறங்கியதும் வருகிற இடிமழையே இளம்புழுக்கள் சில வளர்வதற்குப் போதும் என்பதால், புரட்டாசியையும் தாண்டித் தள்ளிப்போடக் கூடாது. வெயிலில் மேற்புறம் ஓடுபோல் காய்ந்து கிடக்கும் சாணிக்குள் ஈரம் நெடுநாள் தங்கியிருக்கும். முதல் கனமழை அதைக் கரைத்தவுடன் உள்ளே காத்திருந்த இளம்புழுக்கள் ஒருசேர வெளிவந்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் தவணை தை மாதப் பிற்பகுதிக்கு உரியது. மழைக்காலம் முழுவதும் மாடு சேர்த்துக்கொண்ட புழுக்கள் அப்போது உடலில் நிறைந்திருக்கும். நிலமோ காயத் தொடங்கியிருக்கும். எனவே மருந்து கொடுத்த மாடு மறுபடி தொற்றிக்கொள்வது மெல்லத்தான் நடக்கும். புயலோ காற்றழுத்தத் தாழ்வோ வந்து மழை சனவரி வரை நீண்டால், நாட்காட்டியைப் பார்க்காமல் தரையைப் பாருங்கள். புல்வெளி நன்றாகக் காய்ந்து இரண்டு வாரம் ஆனபின் கொடுங்கள்.

மழை கொட்டும் நவம்பரில் மந்தை முழுவதற்கும் கொடுப்பது பெரும்பாலும் பணத்தை வீணாக்குவதே ஆகும், ஏனெனில் மறுநாள் மேய்ச்சலிலேயே புதிய புழுக்கள் உள்ளே போய் மூன்று வாரத்தில் பழைய நிலைக்கே வந்துவிடும். அந்த மாதங்களில் இளைத்துக்கொண்டே போகிற மாடு, தலையீற்று ஈன்ற இளம்பசு, ஒரு வயதுக்கு உட்பட்ட கிடேரி ஆகியவற்றின் சாணத்தை மட்டும் பரிசோதித்து, தேவையானவற்றுக்குக் கொடுத்தால் போதும். கொளுத்தும் மே மாதத்தில் நல்ல உடற்கட்டோடு இருக்கும் பெரிய மாடுகளுக்கு வழக்கமாகக் கொடுப்பதை நான் ஆதரிப்பதில்லை. நிலத்தில் இளம்புழுக்களே இல்லாத அந்த வேளையில் எல்லா மாடுகளுக்கும் மருந்து கொடுத்தால், அந்த மருந்துக்குத் தப்பிப் பிழைத்த புழுக்கள் மட்டுமே அடுத்த மழைக்கு விதையாகின்றன.

கேள்வி: ஏரிக்கரையில் மேயும் எங்கள் மாட்டுக்குத் தாடையின் கீழே நீர் கோத்துத் தொங்கியது, கழிச்சலும் இருந்தது. கார்த்திகையில் தட்டைப்புழு மருந்து கொடுத்தோம், வீக்கம் வடிந்தது. மாசியில் மறுபடியும் அதே வீக்கம் வந்துவிட்டது. மருந்து போலியானதா? – வாசகி, பெரும்பாக்கம்

பதில்: மருந்து நல்லதாகவே இருந்திருக்கலாம், கொடுத்த காலம்தான் போதாது. சதுப்பு நிலமும் ஏரிகளும் சூழ்ந்த உங்கள் பகுதியில் உருண்டைப் புழுவைவிடத் தட்டைப்புழுக்களே முதற்கவலை. கல்லீரலைத் தாக்கும் தட்டைப்புழு, நம் சமவெளியில் பெரும்பாலும் ஃபேசியோலா ஜைஜாண்டிகா என்னும் இனம். அதன் முட்டை தண்ணீரில் விழுந்து, இரண்டு மூன்று வாரத்தில் பொரித்து, நன்னீர் நத்தைக்குள் புகுந்து, அங்கே ஏறத்தாழ இரண்டு மாதம் பெருகி, பிறகு வெளிவந்து நீரோரப் புல்லின் தண்டிலும் இலையிலும் கண்ணுக்குத் தெரியாத சிறு உறைகளாக ஒட்டிக்கொள்கிறது. ஐப்பசி மழையில் ஏரியில் விழுந்த முட்டை, மார்கழிக்கும் தைக்கும் இடையில் புல்லில் ஒட்டிக் காத்திருக்கும் என்று கணக்கிட்டுக்கொள்ளலாம். ஏரி வற்ற வற்ற, மாடுகள் அதுவரை தண்ணீருக்குள் இருந்த பசும்புல்லைத் தேடி உள்ளே இறங்குகின்றன. அந்தப் புல்லில்தான் உறைகள் அதிகம்.

உள்ளே சென்ற புழு நேராகப் பித்தக் குழாய்க்குப் போய்விடுவதில்லை. குடலைத் துளைத்து, கல்லீரல் திசுவைக் குடைந்துகொண்டு இரண்டு மூன்று மாதங்கள் அலைந்த பிறகே பித்தக் குழாயில் தங்கி முதிர்கிறது. ஆக்சிகுளோசனைடு, ஆல்பெண்டசோல் ஆகிய இரண்டும் முதிர்ந்த கல்லீரல் தட்டைப்புழுவையே கொல்கின்றன. திசுவுக்குள் அலையும் இளம்புழுவைத் தொடுவதில்லை. கார்த்திகையில் நீங்கள் கொடுத்த மருந்து அன்று முதிர்ந்திருந்தவற்றை நீக்கியது. அப்போது இளமையாக இருந்தவையும் அதன் பிறகு புல்லோடு போனவையும் மாசியில் முதிர்ந்து நிற்கின்றன. இளம்புழுக்களையும் கொல்லக்கூடியது டிரைக்கிளாபெண்டசோல். ஆனால் அது பால் வற்றிய காலத்துக்கே ஏற்றது, மருத்துவர் பார்க்காமல் வாங்கிக் கொடுக்க வேண்டாம்.

உங்கள் பகுதிக்கு நான் பரிந்துரைப்பது, ஆவணிக் கடைசியில் ஒரு தவணையும் மாசிக் கடைசி அல்லது பங்குனியில் ஒரு தவணையும் ஆகும். முதலாவது, ஏரி நிறையும் முன்பு நத்தைகளுக்கு முட்டை போய்ச் சேராமல் தடுக்கும். இரண்டாவது, மழைக்குப் பின் உள்ளே போனவை முதிர்ந்ததும் அவற்றை அகற்றும். ஆக்சிகுளோசனைடு கொடுத்தபின் ஓரிரு நாள் சாணம் இளகிப் போவதுண்டு, தானே சரியாகிவிடும். இடையில் மார்கழியிலோ தையிலோ நாற்றமடிக்கும் நீர்க்கழிச்சல் கண்டு இளமாடுகள் படுத்துவிட்டால், அது முன்வயிற்றுத் தட்டைப்புழுவின் இளம்பருவத் தாக்குதலாக இருக்கக்கூடும். அந்நிலையில் சாணத்தில் முட்டையே தென்படாது என்பதால், பரிசோதனை முடிவை மட்டும் நம்பிக் காத்திருக்காமல் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும்.

மேய்ச்சல் முறையில் செய்யக்கூடியதும் உண்டு. தண்ணீர் விளிம்பிலிருந்து தள்ளி மேய்க்க முடியாதவர்கள், ஏரிப்புல்லை அடியோடு அறுக்காமல் நீர்மட்டத்துக்கு மேலிருக்கும் பகுதியை மட்டும் அறுத்து, வெயிலில் நன்றாக உலர்த்திப் போட்டால் தொற்று வெகுவாகக் குறையும். குடிக்கத் தொட்டித் தண்ணீர் கொடுத்துவிட்டு மேய்ச்சலுக்கு ஓட்டினால், மாடு நத்தை நிறைந்த ஓரத்தில் இறங்குவதும் குறையும்.

இரண்டு எச்சரிக்கைகளையும் சொல்லியாக வேண்டும். வீக்கம் தாடையில் மட்டுமின்றி மார்புச் சதையிலும் இறங்கி, கழுத்து நரம்பு கயிறுபோல் புடைத்து நின்றால், அது புழுவால் வந்ததன்று. ஆணியோ கம்பியோ விழுங்கியதால் இதயத்தைச் சுற்றிச் சீழ் கட்டியிருக்கக்கூடும். கட்டட இடிபாடுகளும் குப்பையும் சூழ்ந்த புறநகரில் மேயும் மாடுகளில் இதற்கு வாய்ப்பு அதிகம். பூச்சி மருந்து கொடுத்துக்கொண்டே நாளைக் கடத்தினால் மாடு பிழைக்காது. ஏரியில் இறங்கும் மாடு மூச்சு விடும்போது குறட்டைச் சத்தம் கேட்டு, மூக்கில் சளியும் இரத்தமும் கலந்து ஒழுகினால், அது மூக்கின் இரத்த நாளங்களில் தங்கும் வேறொரு தட்டைப்புழு. அது தண்ணீரில் நிற்கும் மாட்டின் தோல் வழியாகவே நுழைகிறது. வழக்கமான குடற்புழு மாத்திரைகள் அதற்குப் பயன்படமாட்டா.

கேள்வி: வீட்டிலேயே கட்டி வளர்க்கும் இரண்டு பசுக்கள் மேய்ச்சலுக்கே போவதில்லை. அவற்றுக்கும் பருவம் பார்த்து மருந்து கொடுக்க வேண்டுமா? – வாசகர், திருவல்லிக்கேணி

பதில்: அவை தின்னும் புல் எங்கிருந்து வருகிறது என்பதைப் பொறுத்தது. மேட்டு நிலத்தில் பயிரிட்ட கோ-4, கோ-5 போன்ற தீவனப்புல்லும், நன்கு உலர்ந்த வைக்கோலும், குழாய்த் தண்ணீரும் மட்டும் என்றால், ஆண்டுக்கு இருமுறை சாணத்தைப் பரிசோதித்துப் புழு இருந்தால் மட்டும் கொடுங்கள். அன்றாடம் வந்திறங்கும் புல்லுக்கட்டு கால்வாய் ஓரத்திலோ ஏரிக்குள்ளோ அறுத்ததாக இருந்தால், உங்கள் பசு திருவல்லிக்கேணியில் நின்றபடியே பெரும்பாக்கத்தில் மேய்கிறது என்றே கொள்ள வேண்டும். முந்தைய பதிலில் உள்ள இரண்டு தவணைகள் அதற்கும் பொருந்தும். புல் கொண்டுவருபவரிடம் எங்கே அறுத்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: எருமைக் கன்று பிறந்து இருபது நாள் ஆகிறது. களிமண் நிறத்தில், சகிக்க முடியாத நாற்றத்தோடு கழிகிறது. மழை முடியட்டும் என்று காத்திருக்கலாமா? – வாசகர், மீஞ்சூர்

பதில்: காத்திருக்க வேண்டாம். கன்றுக்குப் பருவம் கிடையாது. பிறந்த நாளிலிருந்துதான் கணக்கு. டாக்ஸோகேரா விட்டுலோரம் என்னும் பெரிய உருண்டைப் புழுவின் இளம்பருவங்கள் தாயின் உடலில் உறங்கிக் கிடந்து, கன்று ஈன்றதும் பாலில் இறங்கிக் கன்றுக்குப் போகின்றன. வெளியில் மழையோ வெயிலோ அதற்கு ஒன்றுதான். எருமைக் கன்றுகளில் இது மிகுதி. நீங்கள் எழுதியிருக்கும் அறிகுறிகள் அதையே காட்டுகின்றன. குடலில் புழுக்கள் திரண்டு அடைத்துக்கொண்டால் கன்று ஓரிரு நாளில் இறந்துவிடும். இன்றே மருத்துவரிடம் காட்டி, கன்றின் எடைக்கேற்ப பைப்பரசின் அல்லது அவர் தேர்ந்தெடுக்கும் வேறு மருந்தைக் கொடுங்கள். நீரிழப்பு இருந்தால் அதற்கும் சிகிச்சை தேவைப்படும்.

அடுத்த கன்றுக்கு இந்த நிலை வராமலிருக்க, பிறந்த பத்தாம் நாளிலிருந்து பதினான்காம் நாளுக்குள் முதல் தவணையைக் கொடுத்துவிட வேண்டும். அப்போது புழு முதிர்ந்து முட்டையிடத் தொடங்கியிருக்காது என்பதால் தொழுவமும் தூய்மையாக இருக்கும். அதன்பின் ஆறு மாதம் வரை மாதம் ஒருமுறை என்பது நம் மாநிலத்தில் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் முறை. பாலில் புழு வருகிறது என்று அஞ்சிச் சீம்பாலை நிறுத்துபவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். புழுவுக்கு மருந்து இருக்கிறது. பிறந்த சில மணி நேரத்துக்குள் சீம்பால் குடிக்காத கன்றுக்கு, அது தரும் நோய் எதிர்ப்பை வேறெதுவும் ஈடுசெய்யாது.

கேள்வி: சினை மாட்டுக்குக் கொடுக்கலாமா? கோமாரித் தடுப்பூசி போடும் தேதியும் நெருங்குகிறது. – வாசகி, ஆவடி

பதில்: மருந்தைப் பொறுத்துக் கொடுக்கலாம். சினையின் முதல் ஒன்றரை மாதத்தில் ஆல்பெண்டசோல் கூடாது, கருவைக் கெடுக்கக்கூடும்; சினையா இல்லையா என்று உறுதியாகத் தெரியாத மாட்டையும் சினையாகவே கருதுங்கள். ஃபென்பெண்டசோல் சினைக் காலத்தில் பாதுகாப்பானது. ஈன்ற பிறகு சில வாரங்கள் தாயின் எதிர்ப்பாற்றல் தளர்ந்து, சாணத்தில் முட்டைகள் கூடுவது வழக்கம். எனவே ஐப்பசி, கார்த்திகையில் ஈனப்போகும் மாட்டுக்குப் புரட்டாசித் தவணையைத் தவறவிடக் கூடாது. தடுப்பூசிக்கு இரண்டு மூன்று வாரம் முன்பே குடற்புழு நீக்கம் செய்துவிட்டால், தேறிய உடலில் தடுப்பூசி நன்றாக வேலை செய்யும். ஆனால் பூச்சி மருந்து கொடுக்கவில்லை என்ற காரணத்துக்காக, ஊருக்கு வந்த தடுப்பூசிக் குழுவைத் திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.

கேள்வி: மூன்று மாதத்துக்கு ஒருமுறை தவறாமல், கம்பெனி மாற்றி மாற்றி மாத்திரை கொடுக்கிறோம். இருந்தும் மாடுகள் தேறவில்லை. – வாசகர், பூந்தமல்லி

பதில்: கம்பெனியை மாற்றுவது மருந்தை மாற்றுவதாகாது. ஆல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் ஒரே குடும்பம். ஒன்றுக்குப் பழகிய புழு மற்றதற்கும் பழகிவிடும். லெவாமிசோல் வேறு குடும்பம், ஐவர்மெக்டின் இன்னொன்று. ஐவர்மெக்டினைக் கறவையில் இருக்கும் மாட்டுக்குப் போடக் கூடாது. அது பாலில் நெடுநாள் கலந்து வரும். மற்ற மருந்துகளுக்கும் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்பது உறையில் அச்சிடப்பட்டிருக்கும். பால் குடிக்கும் குழந்தைகளை எண்ணி அதைக் கடைப்பிடியுங்கள்.

அதைவிட எனக்குக் கவலை தருவது அளவு. 1.5 கிராம் ஃபென்பெண்டசோல் மாத்திரை, கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்ற கணக்கில் 300 கிலோ எடைக்குத்தான் சரி. நம் கலப்பினப் பசுக்கள் பலவும் அதைவிடக் கனமானவை. முன்னங்காலுக்குப் பின்புறமாக மார்புச் சுற்றளவை அங்குலத்தில் அளந்து, அந்த எண்ணை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பின்புற எலும்பு முனை வரையுள்ள உடல் நீளத்தாலும் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் கிலோவில் எடை கிடைக்கும். சுற்றளவு 66 அங்குலம், நீளம் 58 அங்குலம் என்றால் ஏறத்தாழ 383 கிலோ. தேவையான மருந்து 1.9 கிராமுக்குச் சற்று மேல். ஒரே மாத்திரையோடு நிறுத்தினால் புழுக்களில் வலியவை தப்பிப் பிழைத்து, மருந்தைத் தாங்கும் தன்மையைத் தம் வழித்தோன்றல்களுக்குக் கொடுத்துவிடுகின்றன. குறைந்த அளவில் நான்கு முறை கொடுப்பதைவிட, சரியான அளவில், சரியான பருவத்தில் இருமுறை கொடுப்பதே மேல்.

மருந்து வேலை செய்கிறதா என்று அறிய, கொடுக்கும் நாளிலும் பதினான்கு நாள் கழித்தும் சாணத்தில் முட்டைகளை எண்ணச் சொல்லுங்கள். 95 சதவீதத்துக்குக் குறைவாகவே முட்டைகள் குறைந்திருந்தால், அந்தக் குடும்பத்து மருந்து உங்கள் தொழுவத்தில் பலனிழந்து வருகிறது என்று பொருள். புழுவே இல்லையென்று தெரிந்தால், இளைப்புக்குக் காரணம் தீவனப் பற்றாக்குறையோ, வயிற்றில் சேர்ந்த பிளாஸ்டிக் பைகளோ, வேறு நோயோ என்று மருத்துவர் தேட முடியும்.

கேள்வி: சாணத்தைப் பரிசோதனைக்கு எப்படிக் கொண்டுபோவது? – வாசகர், மாதவரம்

பதில்: தரையில் கிடப்பதை அள்ளாதீர்கள், மண்ணில் வாழும் புழுக்கள் கலந்து முடிவைக் குழப்பிவிடும். மாடு சாணமிடும்போதே ஏந்தி, ஒரு எலுமிச்சம்பழ அளவு எடுத்து, மூடியுள்ள சுத்தமான டப்பாவில் காற்றிடைவெளி இல்லாதபடி அடைத்து, சில மணி நேரத்துக்குள் கொடுங்கள். நம் ஊர் வெப்பத்தில் முட்டைகளுக்குள் புழு விரைவாக வளரத் தொடங்கிவிடும் என்பதால், தாமதமானால் பனிக்கட்டி வைத்த பெட்டியில் வையுங்கள். உறைய விடக் கூடாது. பக்கத்திலுள்ள அரசு கால்நடை மருந்தகத்திலோ, 1903-இல் தொடங்கி வேப்பேரியில் இயங்கிவரும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையிலோ கொடுக்கலாம். தட்டைப்புழு முட்டை கனமானது. அதைத் தேடும் படிவு முறையும், உருண்டைப் புழு முட்டையைத் தேடும் மிதப்பு முறையும் வெவ்வேறானவை. எனவே மாடு ஏரியோரம் மேய்கிறது என்பதை டப்பாவின் மேலேயே எழுதிக் கொடுங்கள். மாட்டின் அடையாளம், வயது, சினை மாதம், கடைசியாகக் கொடுத்த மருந்தின் பெயர், கொடுத்த தேதி ஆகியவற்றையும் சேர்த்து எழுதினால், முடிவு வந்த அன்றே எந்த மருந்து, எவ்வளவு என்று மருத்துவர் சொல்லிவிடுவார்.